சரளைக் குழிக்குள் இருக்கும் என் கணவரைக் குறித்து

அனுப்புநர்:
பழைய குப்பைக்கிடங்கில் குப்பை பிரித்தவரின் மனைவி,
சலவைத் தொழிலாளி,
மதிலோரத் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
கனிமவள அலுவலர் அவர்கள்,
கனிமவள அலுவலகம்.

பொருள்: மூடப்பட்ட குப்பைக்கிடங்கில் சரளைக்கல் தோண்டுவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலகத்துக்கு நான் வருவது இது முதல் தடவை அல்ல. போன முறை கால் கடுக்க நின்ற பிறகு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரும்படி சொன்னார்கள். எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

1. எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள மேட்டில்தான் முன்பு ஊர்க் குப்பை முழுவதையும் கொட்டினார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்தக் குப்பைச் சரிவு இடிந்தது. அதன்மேல் நின்று பிளாஸ்டிக் பிரித்துக்கொண்டிருந்த என் கணவர் உள்ளே போய்விட்டார். சில நாள் தேடினார்கள். மேலும் சரியும் என்று சொல்லித் தேடுவதைக் கைவிட்டு, கிடங்கை மூடி, களிமண் பரப்பிப் புல் நட்டார்கள். இனி இந்த மண்ணில் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று அன்றைய அதிகாரி என்னிடம் நேரில் சொன்னார். நம்பினேன். அழுவதற்கு ஓர் இடமாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

2. அந்தக் குப்பைக்கு அடியில் சரளை இருக்கிறதாம். தங்கள் அனுமதியோடு ஒரு நிறுவனத்தார் களிமண் மூடியைக் கிழித்து, குப்பையை வாரிப் போட்டு, சரளையை எடுக்கிறார்கள். குழியில் தேங்கும் கறுப்புத் தண்ணீர் எங்கள் கிணற்றுக்கு வந்துவிட்டது. வெள்ளைப் படுக்கை விரிப்புகள் நான் வெளுத்த பிறகு பழுப்பாகத் திரும்புகின்றன. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் புண். வாயு வெளியேற வைத்திருந்த குழாய்களையும் பிடுங்கிவிட்டதால் மேடு அடிக்கடி தீப்பிடிக்கிறது. கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துத் தங்கள் மேசையில் வைத்தேன். மேசை கறையாகும் என்று தங்கள் உதவியாளர் அதைத் தரையில் இறக்கி வைத்தார். நாங்கள் அதைத்தான் குடிக்கிறோம், ஐயா.

3. அனுமதி உத்தரவில் அந்த இடம் வெற்று நிலம் என்று இருப்பதாகச் சொன்னார்கள். என் புருஷன் கிடக்கிற இடம் எப்படி ஐயா வெற்று நிலமாகும்?

4. தோண்டியதையெல்லாம் பெரிய சல்லடையில் போட்டு ஆட்டுகிறார்கள். கல் லாரிக்குப் போகிறது. மற்றது ஓரமாகக் குவிகிறது, சாயங்காலம் கொளுத்துகிறார்கள். நான் வேலிக்கு வெளியே நிற்பதைப் பார்த்துச் சல்லடை ஓட்டும் தம்பி விசாரித்தார். விஷயம் தெரிந்ததிலிருந்து, உள்ளிருந்து வரும் ஒவ்வொரு பூட்ஸையும் எரிக்கவிடாமல் எடுத்து, கழுவி, என்னிடம் கொண்டுவருகிறார். "அக்கா, இது அண்ணனோடதா பாருங்க" என்பார். குப்பைமேட்டில் பூட்ஸுக்கா பஞ்சம்? என் வாசலில் ஒரு கடையே போடலாம். ஆனால் என் கணவருடைய பூட்ஸ் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டது. சரிவில் ஏறும்போது கழற்றி வைத்துவிடுவார். காலடியில் குப்பை நெகிழ்வது வெறுங்காலுக்குத்தான் தெரியும் என்பார். இதை அந்தத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் தேடுவதையே விட்டுவிடுவாரோ என்று பயம். ஒவ்வொன்றையும் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டுகிறேன்.

5. போன வாரம் அந்தச் சரளையை எங்கள் தெருப் பள்ளிக்கூடப் பாதையில் பரப்பினார்கள். அதில் கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கின்றன. என் மகள் அதன்மேல்தான் நடந்து போகிறாள். அப்பா முகம் அவளுக்கு நினைவில்லை. அந்தக் கல்லில் நாலைப் பொறுக்கி வந்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். பிடுங்கி எறிந்து, அவளை அடித்தும்விட்டேன். ஏன் அடித்தேன் என்று அவளிடம் என்னவென்று சொல்வேன்? நானும் அவளோடு உட்கார்ந்து அழுதேன்.

ஆகவே, தோண்டுவதை உடனே நிறுத்தி, குழியை மூடி, பாதையில் பரப்பியதை அகற்றி, எங்களுக்கு நல்ல தண்ணீருக்கு வழி செய்யுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

நிறுத்தும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்றால், அந்தச் சல்லடைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு வேலை தரச் சொல்லுங்கள், ஐயா. கூலி வேண்டாம். கொளுத்துவதற்கு முன்னால் அந்தக் குவியலை நான் ஒருமுறை கையால் துழாவிப் பார்க்க விட்டால் போதும்.

இடம்: மதிலோரத் தெரு
நாள்: திங்கட்கிழமை

தங்கள் உத்தரவுக்காக வேலியோரம் காத்திருக்கும்,
(கையொப்பம்)
குப்பை பிரித்தவரின் மனைவி