துரை வீட்டுச் சாப்பாட்டு மேஜை வெள்ளி

என் அருமை அக்கா,

போன இடத்தில் நீ நிம்மதியாக இருப்பாய். இங்கே ஸ்ரீரங்கத்தில் எனக்குத்தான் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. எல்லாம் உன் வெள்ளிக் கிளைக் கிண்ணத்தால் வந்த வினை.

உன் பெண் கோதைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பையன் வீடு உறையூர். நிச்சயதார்த்தத்தன்று வழக்கம்போல அதைத்தான் கூடத்தின் நடுவே வைத்தேன். நடுத்தண்டின் மேல் பெரிய கிண்ணத்தில் பூ. நான்கு கிளைகளின் குட்டிக் கிண்ணங்களில் சந்தனம், குங்குமம், கல்கண்டு, பாக்கு. சம்பந்தி மாமி அதன் திராட்சைக்கொடி வேலைப்பாட்டைத் தடவிப் பார்த்தாள். "இதைப் பொண்ணோட அனுப்பிடுங்கோ. எங்காத்துப் பெருமாள் முன்னாடி வெச்சுக்கறேன்" என்றாள். நான் வெற்றிலைத் தட்டை நீட்டிப் பேச்சை மாற்றினேன்.

கும்பகோணத்தில் சொல்லிச் செய்தது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாய். பொன்மலைத் துரை இங்கிலாந்துக்கு மூட்டை கட்டியபோது அவர் பங்களா ஏலத்தில் எடுத்தது என்று நம் இருவருக்கும் அத்திம்பேருக்கும்தானே தெரியும்? சாப்பாட்டு மேஜையின் நடுவில் அது நின்றது. சுற்றிலும் கத்தியும் முள்கரண்டியும். "இதைச் சுத்தித்தாம்மா கறியும் மீனும் வைப்போம்" என்று துரையின் சமையல்காரர் சொன்னதையும் கேட்டோம். அப்படியும் எடுத்தாய். எடுத்ததுதான் எடுத்தாய், ஏன் அக்கா பொய் சொன்னாய்?

இப்போது அத்திம்பேரும் இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் அந்த மாமி தினமும் அதைப் பெருமாள் முன்னால் வைத்துப் பூ நிரப்புவாளே! என்றைக்காவது தெரிந்தால் கோதைதானே தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும்? பயம் தாங்காமல் நேற்றுக் காலை பஸ் ஏறி உறையூர் போய்ச் சொல்லிவிட்டேன்.

மாமி எழுந்து பெருமாள் முன்னால் போய் நின்றாள். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். கடைசியில், "அதுக்கும் கல்யாணத்துக்கும் என்ன? பெருமாள்கிட்ட வேண்டாம், கூடத்துல இருக்கட்டும்" என்றாள். போன உயிர் வந்தது. கிளம்பும்போது, "கோதைக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"தெரியாது மாமி."

"நீங்களே சொல்லிடுங்கோ. நாளைக்கு ஏதாவது கோபத்துல என் வாயிலேர்ந்து வந்துடக் கூடாது."

நியாயம்தான். ஆனால் கோதை வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கிண்ணத்தில் பூ வைத்துவிட்டு உன் படத்தைப் பார்க்கிறவள். "உன் அம்மா பொய் சொன்னாள்" என்று அவளிடம் எப்படி ஆரம்பிப்பது? இன்று இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் வேறு ஏதோ கேட்டு அனுப்பிவிட்டேன்.

அன்று ஏலத்தில் நீ அதன் முன்னால் நின்றது நின்றபடியே இருந்தாய், நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. "எனக்கு இது வேணும்டி" என்றாய். உனக்கென்று நீ எதையும் கேட்டு நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நாளைக்குக் கோதையிடம் நிச்சயம் சொல்லிவிடுகிறேன் அக்கா. முதலில் இதைச் சொல்வேன். பொய்யை அப்புறம்தான் சொல்வேன்.

உன் பெண்ணை இன்னும் ஒரு மாதம் தன்னிடம் வைத்திருக்கப்போகும்
உன் தங்கை,
குஞ்சு