குருத்தோலைக்கு இந்தப் பக்கம்

மணல்முனை, கேய் தீவு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கொலேத்தாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் நலம், அம்மாவும் நலம், ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நலமாக இல்லை, அவள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக இருக்கிறோம். ஜகார்த்தாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, போன வருஷம் மாதிரி இருமல் வராமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மணல்முனையில் போன் எடுக்காது, கோயில் மேட்டுக்குப் போனால்தான் எடுக்கும் என்பது உனக்குத் தெரியும். நான் கோயில் மேட்டுக்குப் போய்ப் பதினேழு நாளாகிறது. அம்மா உன்னிடம் போனில் எல்லாம் சொல்லியிருப்பாள். அவள் சொன்னால் கை கால் மூக்கு வைத்துத்தான் சொல்லியிருப்பாள், அதனால் என் பக்கத்தை நானே எழுதுகிறேன். பொறுமையாகப் படி, ஆபீசில் வைத்துப் படிக்காதே.

அன்றைக்குச் சனிக்கிழமை. அம்மா லாங்கூர் சந்தைக்கு மரவள்ளி ரொட்டி விற்கப் போயிருந்தாள். நான் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். உன் சித்தப்பா போனி படகில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான், மூன்று பேர் காலிலும் ஷூ. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஈரப்பலா மரத்தடியிலிருந்து அலை தொடும் இடம் வரை நாடா பிடித்து அளந்து, சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டே போனார்கள். எட்டுக் குடில் வரப்போகிறதாம், வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவதற்கு. யாரைக் கேட்டுடா அடிக்கிறாய் என்று கத்தினேன். "அண்ணே, சத்தம் போடாத, உக்காந்து பேசலாம், பேப்பர் இருக்கு, நீயே பாரு" என்று அவன் சட்டைப் பையில் கையை விட்டான். நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும், அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பதினேழு நாளாகத் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரையும் விரட்டிவிட்டுக் கத்தியை எடுத்துத் தென்னங்குருத்தை வெட்டினேன், பாதையில் இரண்டு ஈரப்பலா மரத்துக்கும் நடுவே குறுக்கே கட்டினேன். அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை, படகு நுழையும் இடத்தில் ஒரு கழியை ஊன்றி அதிலும் ஒரு குருத்தோலை கட்டினேன். கட்டும்போது சொல்ல வேண்டியதையும் சத்தமாகச் சொன்னேன். ஓலை கட்டிச் சொன்ன தடைக்கு முன்னோர்தான் காவல், சொன்னது நடக்கும் வரை மனுஷன் அதை அவிழ்க்கக் கூடாது என்பது உனக்குத் தெரியாததா. இந்த அளக்கிற வேலை யாருடையதோ அந்த ஆளும் நானும் முகத்துக்கு முகம் உட்காரும் வரைக்கும் என் வீட்டு ஆள் ஒருத்தரும் இந்த ஓலையைத் தாண்டக் கூடாது என்றேன். போனியை மனதில் வைத்துத்தான் சொன்னேன், அவனும் நம் வீடுதானே. அந்தப் பக்கம் அவனும் பாதையில் போன நாலைந்து பேரும் நின்று கேட்டார்கள். என் வீட்டில் முதல் ஆள் நான்தான் என்பது வாயை மூடிய பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் அம்மா காலிக் கூடையோடு வந்து ஓலைக்கு முன்னால் நின்றாள். முதலில் சிரித்தாள். "கோழி கூண்டுக்குள்ள போயி தானே கதவ சாத்திக்கிச்சாம்" என்றாள். பிறகு, வீடு ஓலைக்கு உள்ளே இருக்க, சோறு எங்கே பொங்குவது, எங்கே படுப்பது என்று யோசித்திருப்பாள் போல, சிரிப்பு நின்றுவிட்டது. இப்போது போனி வீட்டில்தான் இருக்கிறாள், நான் யார் மேல் கோபப்பட்டேனோ அவன் வீட்டுச் சோற்றைத்தான் தினமும் மூன்று மணிக்கு எனக்குக் கொண்டுவருகிறாள். ஓலைக்கு மேலே தூக்கை நீட்டுவாள், நான் வாங்கிக்கொள்வேன். அவள் அந்தப் பக்கம் ஒரு கல்லில், நான் இந்தப் பக்கம் ஒரு கட்டையில். முப்பத்து நாலு வருஷத்தில் இவ்வளவு நேரம் நாங்கள் உட்கார்ந்து பேசியதில்லை, அவள் திட்டுவதைப் பேச்சு என்று சொல்லலாம் என்றால். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி கேட்கும்போதுதான் தாங்க முடியவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு ஓலை வரைக்கும் நடந்து போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இந்த மணலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எத்தனை தடவை நடப்பது. படகு என் கண்ணெதிரே கிடக்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது, எதிரே துவால் துறைமுகத்துக்கு வருகிற பெரிய கப்பல்கூடத் தெரிகிறது, என்னால் முழங்கால் தண்ணீருக்கு அப்பால் போக முடியவில்லை. பிய்த்துப் போட்டுவிட்டுப் போக எவ்வளவு நேரமாகும் என்று நீ கேட்பாய். நாலு வருஷத்துக்கு முன்னால் நம்மூர் லெத்சோயின் தேங்காய் இறக்குவதற்காக இப்படிக் கட்டிய ஓலையை அறுத்தபோது ஊர்க்கூட்டத்தில் அதிகம் குதித்தவன் உன் அப்பன்தான். அந்த லெத்சோயின் இப்போது தினமும் பாதையில் வந்து "என்ன அண்ணே, காத்து வாங்குறீங்களா" என்று விசாரித்துவிட்டுப் போகிறான்.

ஆறாம் நாள் ஒரு வெள்ளைக்கார ஜோடி வந்தது. கையில் போன், போனில் உன் சுற்றுலா ஆபீசுக்காக நீ எழுதிய பட்டியல், யாருக்கும் தெரியாத ஏழு கடற்கரைகளில் நம்முடையது மூன்றாவதாம். யாருக்கும் தெரியாதா? உன் தாத்தா காலத்திலிருந்து இங்கேதான் வலை உலர்த்துகிறோம், நாங்கள் எல்லாம் யாரம்மா? அவர்கள் குருத்தோலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து, குனிந்து உள்ளே வந்து, குளித்து, என்னிடம் இளநீர் வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடி குனிந்து வெளியே போனார்கள். அவர்கள் என் வீட்டு ஆள் இல்லை, தடை இல்லை. போகும்போது அந்தப் பெண் கையைக் காட்டி நீங்கள் கொடுத்து வைத்தவர், சொர்க்கத்தில் இருக்கிறீர்கள் என்று நம் பாஷையில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டிவைத்தேன். அவர்கள் நடந்து மறைகிற வரைக்கும் அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் போனி ஊர்த் தலைவர் ஹூபெர்த்துஸைக் கூட்டிக்கொண்டு ஓலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். சரி, உட்காருடா, பேசி முடிப்போம், எனக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு "நான் உக்காந்தா செல்லாது அண்ணே, இது என் வேலை இல்ல" என்றான். தலைவர் அந்தப் பேப்பரை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். எட்டுக் குடில், ஒரு சமையல்கட்டு, ஒரு மேற்பார்வையாளர். மேற்பார்வையாளர் பெயர் கொலேத்தா. திட்டம் எழுதிக் கொடுத்தவர் பெயரும் கொலேத்தா. கீழே உன் கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் போட்ட அதே வால் வைத்த கையெழுத்து. கிறிஸ்துமஸுக்கு நீயே வந்து சொல்லப்போவதாகவும் அதுவரை எனக்குத் தெரியக் கூடாது என்றும் போனியிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம், அளக்கிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் முன்னாலேயே வந்துவிட்டார்களாம். வீட்டுக்குத் திரும்பி வர ஒரு வேலையை நீயே உண்டாக்கியிருக்கிறாய், நான் அதற்குக் குறுக்கே ஓலை கட்டியிருக்கிறேன். போனில் பேசி முடிக்கலாமே, இப்போது போனில் முகம்கூடத் தெரிகிறதே என்று தலைவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "முகத்துக்கு முகம்னு சொன்னது யாரு, நானா? மண்ணுக்குள்ள இருக்கிற பெரியவங்க காதுல விழுந்த வார்த்தை அது, அவங்ககிட்ட போன் இல்ல" என்றார். ஒரே வழி, காற்றில் ஓலை தானாக விழுந்தால் முன்னோரே அவிழ்த்துவிட்டதாக அர்த்தம், மனுஷன் கை படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உன் அம்மா காற்று வேண்டிக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

நீ போனில் அழுததாக அம்மா சொன்னாள். திட்டத்தையே கிழித்துப் போடுகிறேன், அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பேன், நான் வரவில்லை என்றாயாம். கொலேத்தா, நீ போய் ஆறு வருஷமாகிறது. டிக்கெட் இல்லை, லீவு இல்லை, சீசன் என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்று சொன்னாய், நானும் சரி சரி என்றேன், எனக்குச் சரியாக இல்லை. இந்த மணலுக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்களை அனுப்பினாய், நீ மட்டும் வரவில்லை. என்னைக் கேட்காமல் என் மண்ணை அளக்கச் சொன்னது தப்பு, அதை உன் முகத்துக்கு நேராகச் சொல்வேன். எட்டுக் குடிலுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு என்றால் யோசிப்பேன், அதையும் உட்கார்ந்துதான் பேச வேண்டும். பேப்பரைப் பார்க்காமல் ஆத்திரப்பட்டது என் தப்பு, அதையும் அப்போது சொல்கிறேன். திட்டத்தைக் கிழிக்காதே, கையோடு கொண்டுவா.

உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. மாதா உனக்குத் துணையிருப்பாள், உன் பயணம் நல்லபடியாக அமையட்டும். கப்பல் மாதத்தில் இரண்டு தடவைதான் வருகிறது, விசாரித்து ஏறு. ஞாபகம் வைத்துக்கொள், படகில் வராதே, பாதை வழியாக வா, அந்தப் பெண் மாதிரி குனிந்து நுழைந்துவிடாதே, நீ என் வீட்டு ஆள். அந்தக் கல்லில் உட்கார், நான் கட்டையில் இருப்பேன். இன்னொன்று, இது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், கடிதத்தைத் தபாலில் சேர்க்கப்போகிறவள் அவள், அதனால்தான் உறையை மரவள்ளிப் பசை வைத்து இரண்டு தடவை ஒட்டப்போகிறேன். நேற்று மத்தியானம் பெரிய காற்று அடித்தது. போய்ப் பார்த்தால் பாதையில் ஓலை இற்று விழுந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை, நேரே கோயில் மேடு வரைக்கும் பாதை திறந்து கிடந்தது. வெகுநேரம் நின்றேன். ஓலை விழுந்துவிட்டது என்றால் நீ வர வேண்டிய அவசியமே இல்லை என்று ஆகிவிடும். புதுக் குருத்தாக ஒன்றை வெட்டி வந்து முன்னைவிட இறுக்கிக் கட்டினேன்.

உன் அப்பா,
அகாபிதுஸ்