கொழும்பில் இறங்கியவன்

பரண் ஒழுகுகிறது என்று நேற்றுக் காலை எல்லாச் சாமான்களையும் கீழே இறக்கினேன். நீலப் பயணப் பையின் பக்கத்து ஜிப்பைத் திறந்ததும் குப்பென்று இஞ்சி வாசனை. கடல் ஒத்துக்கொள்ளாமல் போனால் வாயில் போட்டுக்கொள் என்று நீ வாங்கிக் கொடுத்த இஞ்சி மரப்பா, இளகிப்போய், கப்பல் அறைக் கதவைத் திறக்கும் அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வெந்நீரில் போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன், பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன், மறுபடி உள்ளே போனேன். ராஜபாளையத்தில் இரண்டு நாளாக மழை. வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நடந்துகொண்டே அதைச் சொல்ல வராது என்று தெரிந்துதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாம் எப்படி ஐம்பது வருடம் சிநேகிதமாக இருந்தோம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. நீ ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. காலையில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போய், கேஸ் கூப்பிடும் வரை வராந்தாவில் உட்கார்ந்து, சாயங்காலம் வாய்தா தேதியோடு வீட்டுக்கு வருகிறவன். நான் மில்லில் பிட்டராகச் சேர்ந்து மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக வெளியே வந்தவன். மிஷின் நின்றால் ஓட வேண்டும். அதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் எங்காவது ஒரு மோட்டார் சத்தம் மாறினால் என் கால் தானாக எழுந்துவிடும். "ஒனக்குக் குண்டியில சக்கரம் வச்சுப் பெத்துட்டாகலே" என்பாய்.

அந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்தது நீ. உன் மகளுக்குச் சிங்கப்பூரில் பிரசவம். உன் வீட்டுக்காரி அங்கே ஆறு மாதம் இருப்பதாக ஏற்பாடு. நீ போய்ப் பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நானும் சிங்கப்பூர் வந்து உன்னோடு கப்பல் ஏறுவதாகத் திட்டம். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் வைத்து உன் போனில் படத்தைக் காட்டினாய். பிளவக்கல் அணையில் கால் நனைத்ததற்கு மேல் தண்ணீரோடு நம் இருவருக்கும் பழக்கமில்லை. முதல்முறை போகிறவர்கள் நாலு நாள் கப்பலில் போய்ப் பார்க்கட்டும், அது தினமும் ஓர் ஊரில் நிற்கும் என்று உன் மருமகன்கூடச் சொல்லியிருந்தான். நானும் அதைத்தான் கேட்டேன்.

"தெனம் ஒரு ஊர்ல எறங்கி ஏறுததுக்குக் கப்பல் எதுக்குலே? கிருஷ்ணன்கோவில் டவுன் பஸ்ஸு பத்தாதா?" என்றாய். "இது சிங்கப்பூர்ல இருந்து துபாய்க்கு. பதிமூணு நாளு. பினாங்கு, கொழும்பு, ரெண்டே எடத்துலதான் நிக்கும். மத்ததெல்லாம் கடலு."

"கடல்ல என்னலே இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான்."

இந்தக் கப்பல் மட்டும் ஏன் ஊரில் நிற்காமல் போகிறது என்று கேட்டேன். "குத்தாலத்துல சீசன் முடிஞ்சா கடைக்காரன் சாமானக் கட்டிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போறாம்லா, அதே மாதிரிதான். வெறுங்கப்பலாப் போறதுக்கு ஆள ஏத்திக்கிட்டுப் போறான்" என்றாய். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாய். "துபாய்ல ஒன் மகன் இருக்கான். பிளேன்ல போனா காலைல ஏறி மத்தியானம் அவன் முன்னால நிப்பே. நின்னு என்ன பேசுவே? மறுபடியும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவே. பதிமூணு நாளு கெடந்து யோசி. நான் அவங்கிட்டச் சொல்லிட்டேன். வரட்டும் மாமா, துறைமுகத்துல நிக்கேன்னுட்டான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. டீயைக்கூட முடிக்காமல் ராஜபாளையம் பஸ் ஏறிவிட்டேன். ஆனாலும் மறுநாள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

அவனிடம் நான் என்ன பேச முடியும்? என் வீட்டுக்காரி போன அன்று நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். மத்தியானம் இரண்டு மணிக்கு உயிர் போனது. மகன் துபாயில் ராத்திரி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டான், விடிந்ததும் மதுரையில் இறங்கிவிடுவான். பிரீசர் பெட்டி வந்தாகிவிட்டது, ஓர் இரவு பொறுப்பதில் யாருக்கும் கஷ்டமில்லை. "ஒத்தப் புள்ளலே, அவன் மொகம் பாக்கட்டும். இரு" என்று நீ என் கையைப் பிடித்தாய். நான் உதறிவிட்டு "எடுங்க" என்றேன். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்தது. என் தம்பி மகன் கொள்ளி வைத்தான். மறுநாள் காலை மகன் பையோடு வந்து நின்றபோது வீடு கழுவி விட்டு ஈரமாகக் கிடந்தது. "ஒரு ராத்திரி எனக்காகக் காத்திருக்க முடியலையாப்பா?" என்று கேட்டான். நான் கத்தினேன். "ஒனக்கு இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதா?" என்றேன். அப்படி ஒரு வார்த்தையை அந்த நேரத்தில் சொன்னவன் நான். அதோடு நாலு வருடம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

கப்பலில் உனக்கு எல்லாமே பிடித்தது. ஏறின அன்றே ஒரு நல்ல நாற்காலியைக் கண்டுபிடித்துவிட்டாய். பெரிய மேசையில் ஆயிரம் துண்டுகளாக இருந்த ஒரு படத்தை இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆளாகப் போய் உட்கார்ந்தாய். சாப்பாட்டு நேரம் வந்ததும் கோர்ட் தோரணையில் "அட்ஜர்ன்டு" என்று சொல்லி எழுந்தாய். அவர்கள் அப்படிச் சிரித்தார்கள். அப்புறம் அந்த மேசையில் எல்லோரும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

நான் நடந்தேன். நம் அறைக்கு ஜன்னல் கிடையாது. விடிந்ததா இல்லையா என்று பார்க்கவே மேல்தளத்துக்குப் போவேன், போனால் சுற்றிக்கொண்டே இருப்பேன். பினாங்கில் இறங்கி ஓடியாடித் திரிந்த அன்றுதான் நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு மூன்று நாள் வெறும் தண்ணீர். போனில் சிக்னல் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு காற்றாடியில் பேரிங் தேய்ந்து கிறீச்சிட்டது. அங்கே வேலை பார்த்த மலையாளத்துப் பையனிடம் மூன்று தடவை போய்ச் சொன்னேன். அவன் "சார், ரிலாக்ஸ்" என்று ஆரஞ்சுச் சாறு கொடுத்தான். மேற்கே போகப் போகக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னார்கள். இருக்கிற இருபத்து நாலு மணி நேரத்தையே ஓட்ட முடியாதவனுக்கு இருபத்தைந்தாவது ஒன்று. "ஒரு மணி நேரத்தச் சும்மா குடுக்கான், வேண்டாங்குதியேலே" என்று நீ சிரித்தாய். எனக்கு உன்னைக் கடலில் தள்ளலாம் போலிருந்தது.

கொழும்புக்கு முந்தின நாள் மத்தியானம் என்னைப் பிடித்து உட்கார வைத்தாய். சாட்சிக்காரனுக்குச் சொல்லிக் கொடுப்பது உனக்குக் கைவந்த வேலை. "அவனப் பாத்ததும் மொத வார்த்த என்ன சொல்லுவே?" என்றாய். தெரியவில்லை என்றேன். "சரி, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லு. காலைல இருந்து சொல்லு. ஏன் எடுக்கச் சொன்னே? எங்கிட்டச் சொல்ல வந்துட்டா அவங்கிட்டயும் வரும்." நானும் ஆரம்பித்தேன். காலையில் அவள் காபி கேட்டதைச் சொன்னேன், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றதைச் சொன்னேன், பெட்டி வந்து இறங்கியதைச் சொன்னேன். அதற்கு மேல் முடியாமல் எழுந்து போய்விட்டேன். மேல்தளத்தில் இருபது சுற்றுக்கு மேல் நடந்திருப்பேன். நீ பின்னால் வரவில்லை.

மறுநாள் கொழும்பில் கப்பல் கட்டியதும் போனில் சிக்னல் வந்தது. நான் முதலில் தேடியது மதுரை விமானத்தை. ஒரு மணி நேரப் பயணம். சாயங்காலம் ராஜபாளையத்தில் என் வீட்டுக் கதவைத் திறக்கலாம். கப்பலிலேயே இருந்தால் இன்னும் ஐந்து நாள் கடல், அதன் முடிவில் மகன் நிற்கிறான். பையைக் கட்டினேன். நீ கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். கப்பல் அலுவலகத்தில் எனக்குப் பதிலாக நீயே பேசினாய், கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாய், பையைத் தூக்கிக்கொண்டு படி வரை வந்தாய்.

"போ. நான் போயி ஒன் மகனப் பாத்துட்டு வாரேன்" என்றாய்.

நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம், கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்கள் மறித்து நின்ற அந்தப் பத்து நிமிடத்தில்கூட, வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. ஐந்து நாளும் நீ எங்கே போய்க்கொண்டிருப்பாய் என்று கணக்குப் போட்டபடி தெருவில் திரிந்தேன். அதற்குக் கப்பலிலேயே திரிந்திருக்கலாம்.

துபாயிலிருந்து வந்தவன் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாய், கையில் பேரீச்சம்பழப் பெட்டியோடு. "ஒன் மகன் குடுத்தான். கப்பல்ல ஒனக்கு ஒடம்புக்கு முடியாமப் போயி கொழும்புல எறக்கி விட்டுட்டாகன்னு சொல்லிருக்கேன். மாத்திப் பேசிராதே" என்றாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரமே மகனிடமிருந்து போன் வந்தது. "ஒடம்பு எப்படிப்பா இருக்கு?" என்றான். நாலு வருடத்துக்குப் பிறகு அவன் குரல். "பரவால்லப்பா" என்றேன். மாதம் ஒருமுறை கூப்பிடுவான், உடம்பைக் கேட்பான். நானும் தலைச்சுற்றல், பித்தம், மூட்டுவலி என்று வராத வியாதியை எல்லாம் வரவழைத்துச் சொல்வேன். உன்னிடம் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பாய். "எப்பலே நெசத்தச் சொல்லப்போறே?" என்று கேட்பாய். அடுத்த மாதம் என்பேன். "சரி, வாய்தா" என்பாய்.

ஒரு வருடம் இப்படியே ஓடியது. ஒரு சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் நீ, எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை உன் வீட்டுக் கூடத்தில் பிரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். உன் மகள் சிங்கப்பூரிலிருந்து மத்தியானம்தான் வந்து சேருவாள். உன் சொந்தக்காரர் ஒருவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, பத்தரைக்குள் எடுத்துவிட்டால் நல்லது என்றார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். உன் வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார்கள்.

"மக வரட்டும். எம்புட்டு நேரம் ஆனாலும் சரி" என்றேன்.

பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உனக்கு நான் கப்பலில் சொல்லாமல் எழுந்து போனது இதுதான். அன்று என் வீட்டுக்காரியை வைத்திருந்த பெட்டியின் மோட்டார் நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு தடவை அது நின்றபோதும் அவள் இரண்டாம் தடவை போகிற மாதிரி இருந்தது எனக்கு. ஆயுசு பூராவும் நின்ற மிஷினை ஓட வைத்தவன், அதைக் கேட்டுக்கொண்டு ஓர் இரவு இருக்க முடியாது என்று பயந்துதான் எடுங்க என்றேன். மகன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. உன் பக்கத்திலும் அந்தச் சத்தம் நின்றது, ஓடியது, நின்றது. நான் உன் தலைமாட்டிலேயே இருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் என் மகன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ராத்திரி தகவல் கேட்டதும் விமானம் ஏறி உனக்காகத்தான் வந்திருந்தான். நான் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. உள்ளே வந்து உன்னைக் கும்பிட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். இனி எனக்கு வாய்தா வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கொழும்புல எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லப்பா. ஒன்னப் பாக்கப் பயந்துக்கிட்டு எறங்கிட்டேன்" என்றேன்.

"தெரியும்ப்பா. மாமா துறைமுகத்துலயே சொல்லிட்டாக. அவனாச் சொல்லுத வரைக்கும் நீ கேக்காதன்னாக."

"பொறவு ஏம்ப்பா மாசாமாசம் ஒடம்பு ஒடம்புன்னு கேட்டே?"

"பேசுறதுக்கு வேற என்னத்தப்பா கேக்க?" என்றான்.

அவனிடம் உண்மையையும் என்னிடம் பொய்யையும் சொல்லி, இரண்டையும் ஒரு வருடம் கலக்காமல் வைத்திருந்திருக்கிறாய், பாவி. நான் சொன்னதை நீ கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போனாயே என்பதும், நீ தனியாக இருந்த அந்த ஐந்து நாள் கடலும் எனக்கு ஆறவே இல்லை. அதைச் சுமந்துகொண்டுதான் இன்றும் வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்கிறேன்.

உன் மகள் வந்து முகம் பார்த்த பிறகு உன்னை எடுத்தோம். மகன் என்னோடு ராஜபாளையம் வந்தான். மறுநாள் காலை, நாங்கள் அவன் அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "அம்மாவோட கடைசி நாளச் சொல்லுங்கப்பா" என்றான். காபி கேட்டதிலிருந்து ஆரம்பித்தேன். பெட்டி வந்தது, மோட்டார் நின்றது, நான் பயந்தது, எல்லாம் சொன்னேன். அவன் அழுதான், நானும் அழுதேன். முடிக்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு தடவைகூட நான் எழுந்திருக்கவில்லை.