மேட்டு வயலில் அடைகாத்த பெட்டை

அன்பு மகன் லோவெலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அலாஸ்காவில் அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குப் பக்கத்தில் நீயும் கைகால் பத்திரமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். நேற்று ஆராதனை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு மேஜையில் இருந்தவர்களை அப்படியே எழுதுகிறேன்: அப்பா, நான், உன் அக்கா நடீன், அவள் புருஷன் கர்ட், மடியில் அவர்கள் கைக்குழந்தை. அவ்வளவுதான். டெல்மர் சித்தப்பாவும் ஃபெர்ன் சித்தியும் வரவில்லை. அவர்கள் வராத ஒன்பதாவது ஞாயிறு இது. பீன்ஸும் சோள ரொட்டியும் பத்துப் பேருக்குச் செய்யும் அளவிலேயே கை போய்விடுகிறது, மிச்சத்தைத் திங்கட்கிழமை நாங்கள் இருவருமே தின்று தீர்க்கிறோம். போனில் சொல்லலாம் என்றால் அது அடுப்படிச் சுவரில் இருக்கிறது, கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா அதன் அடியிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார், நீயும் மீன் தொழிற்சாலையில் வரிசையில் நின்று மூன்று நிமிஷம் பேசுகிறாய். அதனால் எழுதுகிறேன், பொறுமையாக முழுவதையும் படி.

நீ கிளம்பிப் போன எட்டாம் நாள் அப்பா கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேட்டு வயல் வேலியோரம் நடந்து பார்க்கப் போனார். அங்கே டெல்மர் சித்தப்பாவின் முயல் வேட்டை நாய்கள் இரண்டும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன, அதில் கிழட்டு நாய் பட்டனின் வாயில் ஒரு வான்கோழிப் பெட்டை, சுற்றிலும் முட்டை ஓடு. அப்பா போட்ட சத்தம் எனக்குத் துணிக்கொடி வரைக்கும் கேட்டது. சித்தப்பா ஓடி வந்தார். "அண்ணே, பட்டனுக்கு முயலைத் தவிர எதுவும் தெரியாதுண்ணே, கிழடாயிட்டான், பெட்டையைப் பிடிக்கற ஓட்டம் அவனுக்கு ஏது" என்றாராம். அதற்கு அப்பா "டேய், வாயில வெச்சிருக்கான், நீ எனக்குக் கதை சொல்றியா? என் கண்ணுக்குத்தான் ஆபரேஷன், மூளைக்கில்ல" என்று சொல்லி, இனி இந்த நாய்களை இந்த நிலத்தில் பார்த்தால் சுட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். சித்தப்பா நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றிலிருந்து இரண்டையும் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறார், பன்னிரண்டு வருஷம் கட்டறியாத நாய், பள்ளத்துக்கு அப்பால் இருந்து அது அழுவது நாள் முழுக்க எனக்குக் கேட்கிறது. தீவனக் கடையில் ஹாலிஸ் வேறு சும்மா இருக்கிறானா, "என்னப்பா வெர்லின், உன் வான்கோழியெல்லாம் தம்பி வீட்டு நாய் தின்னுச்சாமே, கிரேவியும் ஊத்திக் குடுத்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறான். அப்பா வாங்கப் போனதை வாங்காமல் திரும்பிவிட்டார்.

அப்பாவுக்கு இது வெறும் பறவை இல்லை என்று உனக்குத் தெரியும். அவர் பையனாக இருந்த காலத்தில் இந்த ஜில்லாவிலேயே ஒரு காட்டு வான்கோழி கிடையாது, வனத்துறைக்காரர்கள் பெட்டியில் கொண்டுவந்தபோது அவரும் சித்தப்பாவும்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேட்டில் ஏற்றித் திறந்துவிட்டார்கள். இப்போது அவை குறைகின்றன. நான் ஒவ்வொரு கோடையிலும் வனத்துறைக்கு அனுப்பும் கணக்கு அட்டைக்காக எண்ணி எழுதும் நோட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது பெட்டை, ஐம்பத்தொரு குஞ்சு. போன வருஷம் ஐந்து பெட்டை, பதின்மூன்று. இந்த வருஷம் ஆகஸ்ட் பிறந்தும் மூன்று பெட்டை, நான்கே குஞ்சு. எதனால் போயிற்று என்று தெரிந்ததையெல்லாம் பக்கத்தில் குறித்திருக்கிறேன். ரக்கூன் தோலுக்கு விலை விழுந்த பிறகு யாரும் பொறி வைப்பதில்லை, அவை பெருகி முட்டையை ஒன்று விடாமல் உறிஞ்சுகின்றன. ஓடைக்கரைக் கூட்டில் கறுப்புச் சாரை. கேதுரு மரத்தில் கொம்பு ஆந்தை. காட்டுப்பூனை இரண்டு தடவை, கயோட்டி நரி ஒரு தடவை. ஜூன் மாதக் குளிர்மழையில் நனைந்து செத்த குஞ்சுகள்தான் எல்லாவற்றையும்விட அதிகம். அப்பா இதைக் கேட்க மாட்டார், பல்லும் நகமும் உள்ள எதிரிதான் அவருக்கு எதிரி. ஆனால் லோவெல், நாய் வாயில் இருந்த அந்த ஒரு பெட்டைக்குப் பக்கத்தில் மட்டும் நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

நீ புல் அறுத்த அன்று நான் அடுப்படி ஜன்னலில் நின்றிருந்தேன். மேட்டு வயலில் நீ டிராக்டரை நிறுத்தி இறங்கினாய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய், பிறகு கொட்டகைக்கு வந்து மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனாய். சாப்பிடும்போது கேட்டேன், வயலில் வளை தோண்டும் வளைக்கீரி ஒன்று டிராக்டரில் அடிபட்டது, புதைத்தேன் என்றாய். நானும் தலையாட்டினேன். மறுநாள் உன் கால்சட்டையைத் துவைக்கும்போது மடிப்பில் இரண்டு இறகு இருந்தது, மார்பு இறகு, நுனி பழுப்பு. சேவலுக்கு நுனி கறுப்பாக இருக்கும். அடைகாக்கும் பெட்டை தலைக்கு மேலே இயந்திரம் வந்தாலும் எழுந்திருக்காது, அதற்காகத்தானே ஜூன் பாதி தாண்டாமல் மேட்டில் புல் அறுக்கக் கூடாது என்று அப்பா இத்தனை வருஷமாகச் சொல்கிறார். அந்த நாய்கள் எதையும் கொல்லவில்லை, நீ புதைத்ததைத் தோண்டி எடுத்தன, அவ்வளவுதான்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய், "அம்மா, அப்பா வந்து கத்துவாரும்மா, இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்" என்றாய். நான்தான் விடவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், ஆறு வாரம் டிராக்டரில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், சொன்னால் கேட்கிற மனுஷனா அவர், ஒற்றைக் கண்ணோடு அந்தச் சரிவில் ஏறிவிடுவாரே என்று எனக்குப் பயம், ரேடியோவில் மழை என்றும் சொன்னான். நீ இருக்கும்போதே முடித்துவிடு என்று நான் நச்சரித்தேன். வீட்டுக்கு வந்து வயலைப் பார்த்ததும் அப்பா "அவசரப்பட்டுட்டீங்களே" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அப்போதே சொல்லியிருந்தால் ஒரு நாள் கோபத்தோடு போயிருக்கும். நாய் மேல் பழி விழுந்த அன்றாவது சொல்லியிருக்கலாம். உன் பெயரும் வந்துவிடுமே, கிளம்பும்போது உனக்கும் அவருக்கும் அரும்பாடுபட்டு ஒத்துப்போயிருந்ததே என்று வாயை மூடிக்கொண்டேன். தினமும் ஜெபிக்க உட்காருகிறேன், ஆமென் வரைக்கும் போக முடியவில்லை, எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விடுகிறேன். தேய்த்ததையே திரும்பத் தேய்க்கிறேன்.

இப்போது விஷயம் என்னவென்றால் இந்த மாதக் கடைசி ஞாயிறு நம் சபையில் பாதம் கழுவும் ஆராதனை. கலியாணமாகி வந்த வருஷத்திலிருந்து நான் ஃபெர்ன் கால்களைக் கழுவியிருக்கிறேன், அவள் என் கால்களை. ஆண்கள் பக்கம் அப்பாவும் சித்தப்பாவும் எப்போதும் ஜோடி, வேறு யாரும் அவர்கள் முன்னால் தொட்டியை வைப்பதே இல்லை. போன வாரம் அப்பா பாஸ்டரிடம் "நான் பெஞ்சிலயே உக்காந்துக்கறேன், என்னை எதிர்பார்க்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பாஸ்டர் சித்தப்பாவிடம் கேட்டதற்கு "அண்ணன் காலை நீட்டினா நான் கழுவுவேன், நீட்டலைன்னா என்ன பண்றது, இழுத்தா கழுவ முடியும்?" என்றாராம், சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம், ஆனால் ஃபெர்ன் சொல்கிறாள், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். ஃபெர்ன் இதைக் கடை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அக்கா, நீங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா" என்று கேட்டாள். என் வாயில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கேட்கிறாள். இதை ஒளித்து வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு அவள் முன்னால் முழங்கால் போடுவேன், நீயே சொல்.

அதனால் நான் முடிவு செய்தது இது. வயலை அறுக்கச் சொன்னது நான் என்பதை, நான் ஜன்னலில் நின்று பார்த்ததை, இறகை எடுத்து ஒளித்ததை அந்த ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை அப்பாவிடம் சொல்லப்போகிறேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் மண்வெட்டி எடுத்ததும் வளைக்கீரி என்று சொன்னதும் உன்னுடையது, அதை உன் வாயிலிருந்து பிடுங்கி நான் சொல்வது சரியில்லை. நீயே அப்பாவுக்கு இரண்டு வரி எழுதினால் நல்லது, சித்தப்பாவுக்கும் ஒன்று எழுதினால் அதைவிட நல்லது. அப்பா கத்துவார். மூன்று நாள் கத்தட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன். எழுத முடியாது என்றால், உன் பங்கையும் நானே சொல்லலாம் என்றாவது எனக்கு எழுது. பயந்துகொண்டு சும்மா மட்டும் இருந்துவிடாதே, நான் இருந்து பார்த்துவிட்டேன், அது நல்லதற்கில்லை.

கம்பளிக் காலுறையை இரண்டாக மாட்டிக்கொள். மீன் முள் குத்தின இடத்தை உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு நடீன் அனுப்பிய களிம்பைப் போடு, சும்மா துணி சுற்றி விடாதே. ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தாலும் ஒரு அதிகாரமாவது வாசி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கை தொடும் வேலையை ஆசீர்வதிப்பாராக. கடிதம் இங்கே வந்து சேர ஏழெட்டு நாள் ஆகிறது, நான் சொன்ன வியாழக்கிழமை இருபத்திரண்டாம் தேதி. கையில் கிடைத்த அன்றே உட்கார்ந்து பதில் எழுது மகனே.

உன் அம்மா,
ஒலீட்டா