மூன்றாவது மரத்தில் லெயாந்த்ரோவின் இடம்

எசிஹா,
பிப்ரவரி 11

அன்புள்ள மருமகள் இதோயாவுக்கு,

நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க மாதா துணை செய்வாளாக. இங்கே நான் சுகம். ஒரு கடைவாய்ப்பல் மட்டும் ஆடுகிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தேதி போடவில்லை, வரிகளும் கோணிக்கொண்டு போகின்றன. கன்னியர் மடத்துப் பள்ளியில் இப்படி எழுதினால் திருப்பி எழுதச் சொல்வார்கள். போகட்டும். எக்ஸ்ரேயைப் பற்றி நீ எழுதியதை நிதானமாகப் படித்தேன். நாற்பத்திரண்டு வயதுக்காரனுக்கு அறுபது வயது மூட்டு என்றா டாக்டர் சொன்னார்? குருத்தெலும்பு பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டதா? என் மகன் லெயாந்த்ரோ இதை என்னிடம் சொல்லவே இல்லை. ஞாயிறுதோறும் போனில், "முட்டி நல்லாத்தான் இருக்கும்மா" என்கிறான். வலியை உன்னிடம் சொல்கிறான்.

மறைக்காமல் எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்திருந்தபோது எனக்கு உன்மேல் பொறாமை. காலையில் என் சாப்பாட்டு அறைத் தரையில் அவன் மல்லாந்து படுப்பான், குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டோடு. நீ பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாய். "இன்னும் அஞ்சு இருக்கு. ஏமாத்தாதே, பாத்துட்டுதான் இருக்கேன்" என்பாய். அவன் சிரித்துக்கொண்டே செய்வான். ஜெபமாலைக்கு ஐந்து நிமிடம் அவனை முழங்காலில் நிறுத்த என்னால் முடிந்ததில்லை. நான் என் கையால் செய்த பொல்வோரோன் பலகாரத் தட்டை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தி, "ஒரு கிலோ ஏறினா முட்டிக்கு நாலு கிலோ பாரம் அத்தை" என்றாய். பிறகு அவன் கை அந்தப் பக்கம் போகவே இல்லை. அன்று நான் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ கவனித்திருப்பாய்.

அந்தப் பொறாமையில்தான் தப்புச் செய்தேன். ஜனவரியில் அவனிடம், "சப்பரத்துல மூணாவது மரத்துல உன் எடம் காலியாக் கெடக்கு. எதிர்வீட்டு எவுலாலியா மகன் கண்ணு வெச்சிருக்கான்" என்று சொன்னது நான்தான். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துக்கு அவனை இங்கே வரவழைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. சொரூபம் ஏற்றிய அந்தச் சப்பரத்துக்கு அடியில் குந்தி, பிடரியில் குறுக்கு மரத்தைத் தாங்கி, முப்பது பேரும் ஒரே துள்ளலில் எழ வேண்டும். அது தெரிந்தும் சொன்னேன்.

இது இரண்டாவது முறை. இருபது வயதில் பந்தாட்டத்தில் அவனுக்கு முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனபோது, ஒரு வருடம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் ஆன ஏழாவது மாதமே பெரிய வாரம் வந்தது. அப்போதும் அந்த இடத்துக்குக் காத்திருந்தவன் எவுலாலியாவின் மகன்தான். "நடக்குறே, மாடி ஏறுறே, இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று நான் கேட்டேன். அவன் போனான். இரண்டாவது தெருமுனையில் முட்டிக்குள் ஏதோ பிய்ந்தது. யாரிடமும் சொல்லாமல் கோயில் திரும்பும்வரை தூக்கினான். நான் பால்கனியில் நின்று, எவுலாலியா பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை.

"நான் வேண்டாம்னா சண்டைதான் வருது. நீங்க சொன்னா கேப்பான் அத்தை. ஒங்களுக்காகத்தானே அவன் சப்பரத்துக்கு அடியில நுழையறதே" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான்கு முறை படித்தேன். மூன்று முறை சந்தோஷமாகப் படித்தேன்.

நேற்று சப்பரத் தலைவன் ஃபெர்மினைப் போய்ப் பார்த்தேன். வருகிற ஞாயிறு, உயரம் பார்த்து ஆட்களை மரத்துக்கு மரம் நிறுத்தப்போகிறார்கள். லெயாந்த்ரோவின் பெயரை எடுத்துவிட்டு எவுலாலியா மகனைப் போடச் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்ன அம்பாரோ அம்மா, காய்ச்சல் கீய்ச்சலா? அந்த எடத்தை எவனுக்காவது குடுத்தா ஒன் காலை ஒடிப்பேன்னு போன மாசம்தானே சொன்னீங்க?" என்றான். எக்ஸ்ரேயைப் பற்றிச் சொன்னேன். கேலியை விட்டுவிட்டுப் பென்சிலால் பெயரை அடித்தான். "அவன் வந்து கேட்டா?" என்றான். என் பெயரைச் சொல் என்றேன். "ஒங்க பேரைச் சொன்னா நம்புவானாக்கும்! பொண்டாட்டி வேலைன்னுதான் நெனப்பான்."

இதோயா, அது என்னால் தாங்க முடியவில்லை. முதலில் உன்னோடு சண்டை போடுவான். பிறகு அறுபது வயதில் கைத்தடி இல்லாமல் படி இறங்கும்போது, அன்றைக்கு இவள் தடுத்தாளே என்று நன்றியோடு உன்னைத்தான் நினைப்பான். நான் அப்போது இருக்க மாட்டேன். நீ அவனைப் பழக்கிய நீச்சல் உன்னுடையது, சைக்கிள் உன்னுடையது, தொடைக்கான பயிற்சிகளும் உன்னுடையவை. அவற்றை ஒரு நாளும் விடாதே. அவன் கெஞ்சினாலும் விடாதே. ஆனால் பெயரை அடிக்கச் சொன்னது நான். இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு, எவுலாலியாவைப் பற்றி எழுதியதையும் சேர்த்து. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

அவனுக்குக் கோபம் வரும். அதை உன்மேல் காட்ட விடாதே. ஞாயிறு வரை காத்திருக்காமல் உடனே என்னைக் கூப்பிட்டுத் திட்டச் சொல். நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கும்,
மாமியார் அம்பாரோ