தேசப்பனின் கடைவாய்ப் பல்

ஜூன் 8, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கிளினிக் ஏ.சி. பத்து மணிக்கு உயிரை விட்டது. மெக்கானிக்குக்கு மூணு போன். வாங்க வேண்டியது: கையுறை, பஞ்சு, எனக்கு மோர்.

புது பேஷண்ட் தேசப்பன், விசைப்படகு டிரைவர். கீழ்க் கடைவாய்ப் பல், நரம்பு வரை சொத்தை. ஆர்.சி., அதான் ரூட் கெனால், செஞ்சே ஆகணும். மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு ஞாயிறு ராத்திரி படகு கிளம்புது, திரும்பப் பத்து நாளாம். நடுக்கடல்ல வீங்கினா யார் இருக்கா?

ஊசி போட்டு ரெண்டு நிமிஷம், ஆள் வேர்த்து மயக்கம். உதவிக்கு இருக்கும் செல்வி காலைத் தூக்கிப் பிடிச்சா. குளுக்கோஸ் தண்ணி. தெளிஞ்சதும் ஒரே ஓட்டம். சம்சாரம் மல்லிகா, காசிமேட்டுல மீன் விக்கறவங்க, வாசல்ல நின்னு: "யோவ், புயல்ல போட் ஓட்டிக்கினு வந்த ஆளு, ஊசிக்கு வுழுந்துட்டியே!"

ஜூன் 9, செவ்வாய்
ரெண்டு பேர் வரலைன்னு போன். செல்வி கொண்டுவந்த சேதி: கல்மண்டபம் டீக்கடையில தேசப்பன், "அந்தம்மா ஊசி போட்டுச்சு, ஆளே காலி மாமு." அப்படியே பத்திக்கிட்டு வந்தது. எட்டு மாசமா சேர்த்த பேரு!

சாயங்காலம் மல்லிகாவுக்கு போன் போட்டேன். நேத்து என்ன சாப்பிட்டார்? "ஒண்ணியும் துன்னலம்மா. ஆபரேசன்னா வெறும் வயித்துல தானே வரணும்? நாந்தான் பச்சத் தண்ணி கூட குடுக்கல."

அடக் கடவுளே. நானும் கேக்கலையே. தப்பு என்மேலயும். நாளைக்குச் சாப்பிட வெச்சு அவரைக் கூட்டிட்டு வாங்கன்னேன். கதவுல ஒட்டியாச்சு: நல்லா சாப்பிட்டுட்டு வாங்க.

ஜூன் 10, புதன்
இட்லி, வடகறி முடிச்சுட்டு வந்தார். ஆனாலும் மல்லாந்து படுக்கவே மாட்டேங்கறார்.
"கைல ஒண்ணும் இல்லாம, இன்னா நடக்குதுன்னு தெரியாம கெடக்கறது பேஜாரா கீதும்மா."
அதானே! ஸ்டியரிங் பிடிச்ச கை. முகம் பார்க்கற கண்ணாடியைக் கையில கொடுத்தேன். மரத்துப்போற ஜெல் முதல்ல, ஊசி மெள்ள. கை தூக்கினா நிறுத்துவேன், சத்தியம்.
மூணு தடவை தூக்கினார். வலி இல்லையாம், சும்மா டெஸ்ட். மூணு தடவையும் நிறுத்தினேன். "மெய்யாலுமே நிறுத்துறியேம்மா!"
அப்புறம் கண்ணாடி வயித்து மேல சரிஞ்சுது. குறட்டை! ஆர்.சி. நடுவுல குறட்டை! செல்வி வீடியோ எடுக்கப் போனா, திட்டினேன். எனக்கும் ஆசைதான்.

ஜூன் 13, சனி
தூறல். ஏ.சி. பிழைச்சுது. தேசப்பன் பல்லை அடைச்சு முடிச்சாச்சு. கடிச்சுப் பார்த்து, "சோக்கா கீதும்மா." பல்லு மேல மாட்டற கேப், கடல்ல இருந்து திரும்பினதும். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கூட வந்த மல்லிகா மட்டும் எழுந்திருக்கல.
தேசப்பன், "வா மே, போட்ல ஐஸ் ஏத்தணும்."
தரையைப் பார்த்துக்கிட்டே, "எனக்கும் ஒரு சொத்தப் பல்லு கீது டாக்டரம்மா. ரெண்டு வருசமா. இவுர திட்டிக்கினே கெடந்தேன். எனக்குத்தான் ஜாஸ்தி பயம்."

தேசப்பன் கிண்டல் பண்ணுவார்னு நெனச்சேன். பண்ணல. மல்லிகாவை பேஷண்ட் நாற்காலியில உட்கார வெச்சு, ஸ்டூலைப் பக்கத்துல இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டார். படகுல இருந்து போன் மேல போன்.
"டேய், ஐஸ நீங்களே ஏத்துங்கடா. நா இங்க ஒரு வேலையா கீறேன்."