சம்பந்தியம்மாவிடம் சொன்னது

கணபதி, கோவை
12.1.2025

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? காது கேட்காத உன்னைப் போனில் கூப்பிட வழியில்லை. அனுப்பிய செய்தியையும் நீ திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். தங்கையின் நிச்சயத்தன்று பந்தியில் உட்காராமலே பெருந்துறைக்குப் பஸ் ஏறிவிட்டாய். அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள். அடுத்த மாதம் பத்தாம் தேதி சண்முகப்பிரியாவுக்குக் கல்யாணம். அக்கா இல்லாமல் எப்படி, கண்ணு? என்ன கோபம் என்று எழுது.

அன்புடன்,
அப்பா அழகிரிசாமி

பெருந்துறை
18.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மாப்பிள்ளையின் அம்மா என்னைக் காட்டி ஏதோ கேட்டார். "அது ஊமைங்க. நீங்க அதைக் கண்டுக்காதீங்க" என்றீர்கள். உதட்டைப் பார்த்தே எனக்குப் புரியும் என்பதை மறந்துவிட்டீர்கள். 'ஊமை' என்ற வார்த்தைக்கு உதடு குவிந்து, ஒட்டி, விரியும். என் பெயருக்கு முன்பே உங்கள் வாயில் நான் படித்தது அதுதான்.

அவர்களுடைய கார் டிரைவரைக்கூட "ஏனுங்க, சாப்பிட்டீங்களா" என்றீர்கள். பெற்ற மகள் மட்டும் 'அது'.

எனக்குக் காதுதான் கேட்காது. இங்கே கம்பெனியில், என்னைப் போலவே காது கேட்காத மிஸ்பாவோடு நாள் முழுக்கக் கையால் பேசுகிறேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு சைகைகூட நீங்கள் கற்றுக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு வரமாட்டேன். தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

மோகனப்பிரியா

கணபதி
24.1.2025

அன்பு மகளுக்கு,

ஊரே அப்படித்தானே சொல்கிறது? கெட்ட எண்ணத்தில் நான் சொல்லவில்லை. இதற்காகவா கூடப் பிறந்தவள் கல்யாணத்தை விடுவாய்? வந்துவிடு. கூட்டத்துக்குள் வரப் பிடிக்காவிட்டால் பொண்ணு ரூமிலேயே இருந்துகொள். யாரிடமும் நான் எதுவும் சொல்லவேண்டி வராது.

அப்பா

கணபதி
3.3.2025

கண்ணு,

கல்யாணம் முடிந்தது. போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. உன்னை ரூமில் இருக்கச் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

மேடையில் போட்டோ எடுக்கும்போது சம்பந்தியம்மா, "பெரிய புள்ள வரலீங்களா?" என்றார். பழைய வார்த்தைதான் நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். "எம் பெரிய பொண்ணு பேரு மோகனப்பிரியாங்க. அவளுக்குக் காது கேக்காதுங்க. நான் பேசுனது தப்பு, அதனால வரலீங்க" என்றேன். மைக் செட் சத்தத்தில் அவருக்கு விழுந்ததா என்று தெரியவில்லை. சும்மா தலையாட்டினார். நீ இருந்திருந்தால் படித்திருப்பாய்.

நேற்று பெருந்துறைக்கு வந்தேன். வேலையை விட்டுப் போய்விட்டாய் என்று கம்பெனி விடுதியில் சொன்னார்கள். எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை மிஸ்பா பெயருக்குத்தான் அனுப்புகிறேன். உன்னிடம் சேர்ப்பாளோ என்னவோ.

அவளையும் பார்த்தேன். நீ எங்கே என்று கேட்டேன். கையால் ஏதோ சொன்னாள். புரியவில்லை. மறுபடி நிதானமாகச் சொன்னாள். அப்போதும் புரியவில்லை. எழுதிக் காட்டு அம்மணி என்று பேனாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

அப்பா